சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை: தமிழ்நாடு

செயலிழந்த சிறுநீரகத்துக்கு ஈடாக, உயிரோடிருக்கும் ஒருவரிடமிருந்தோ மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தோ பெற்ற சிறுநீரகத்தைப் பொருத்தும் சிகிச்சை. நோய் முற்றியதை ‘உப்பு கூடிப்போச்சு’ என்று சொல்வது தமிழ்நாடெங்கும் வழக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தின் திருவாடானை, தொண்டி போல உப்புக்காற்றும் உவர்நீரும் உள்ள ஊர்களில் இந்தச் சொல்லைச் சாப்பாட்டு உப்பு என்று தவறாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அது குறிப்பது இரத்தத்தில் தேங்கும் யூரியா, கிரியேட்டினின் முதலிய கழிவுகளை.

பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியது அடிவயிற்றில், வழக்கமாக வலப்புறத்தில் வைக்கப்படுகிறது. அதன் தமனியும் சிரையும் இடுப்புப் பகுதி இரத்தக் குழாய்களோடும், சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையோடும் தைக்கப்படுகின்றன. தையல் முடிந்து இடுக்கிகளைத் தளர்த்தியதும், அதுவரை வெளிறிக் கிடந்த உறுப்பு சில நொடிகளில் இளஞ்சிவப்பாகி விம்முகிறது. உயிருள்ள கொடையாளியின் சிறுநீரகமானால், வயிற்றை மூடுமுன்பே சிறுநீர் துளிர்ப்பதைப் பார்க்கலாம்.

மனிதரிடமிருந்து மனிதருக்கு என்ற முதல் முயற்சி 1933இல் உக்ரைனில் நடந்தது. நோயாளி இரண்டு நாளில் இறந்தார். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே இரட்டைச் சகோதரர்களிடையே செய்த சிகிச்சையே முதல் வெற்றி. பெற்ற சகோதரர் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை இருந்தார்.

இந்தியாவில் எது முதல் என்பது கணக்கிடும் முறையைப் பொறுத்தது. 1965இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் இறந்தவரின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது, நோயாளி நீடிக்கவில்லை. நோயாளி பிழைத்த முதல் சிகிச்சை என்று பொதுவாக ஏற்கப்படுவது, 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் மோகன் ராவும் சிறுநீரகவியலாளர் கே.வி.ஜானியும் நடத்தியது. உடலின் எதிர்ப்பை அடக்க, அசாதையோபிரின், பிரட்னிசலோன் ஆகிய இரண்டு மருந்துகளே அந்நாளில் முக்கியத் துணை. 1980களில் வந்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து நிலைமையை மாற்றியது. நெருங்கிய இரத்த உறவு இல்லாதவரின் சிறுநீரகமும் உடலில் நிலைக்கலாயிற்று. விற்பனைக்கு வழி திறந்ததும் இதுவே.

சிறுநீரகம் விற்பவர்கள் பெருகிய சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற பட்டப்பெயர் விழுந்தது இக்காலத்தில்தான். 1994இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. தமிழ்நாடு மறு ஆண்டே அதை ஏற்றது. ஆனால் அன்பின் பேரில் கொடுப்பதாகச் சொல்லும் உறவல்லாதவருக்கு, அங்கீகாரக் குழுவின் அனுமதியோடு சட்டம் இடம் விட்டிருந்தது. தரகர்கள் அந்த வழியே நுழைந்தார்கள். 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்றவர்கள் 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. 96 விழுக்காட்டினர் கடன் அடைக்க விற்றவர்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு ஆய்வின்போதும் கடன் தீரவில்லை. குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடல்நலம் கெட்டதாகச் சொன்னவர்கள் 86 விழுக்காடு. பேசிய தொகையும் முழுதாகக் கைக்கு வரவில்லை. சுமை தூக்கியும் கூலிக்குப் போயும் பிழைப்பவருக்கு விலாவோரத் தழும்பு என்ன செய்யும் என்பதை இந்த எண்களைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் பலர் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வெளிவந்தது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றியும் இதே குற்றச்சாட்டு எழுந்தது.

2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தது மக்கள் மனத்தை வெகுவாக அசைத்தது. அதே ஆண்டு அரசின் மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டம் தொடங்கியது. 2014இல் ‘டிரான்ஸ்டான்’ என்ற மாநில உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. 2023 முதல் கொடையாளர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது.

பொருத்திய சிறுநீரகம் நிரந்தரமன்று. நன்றாகப் பேணினால் 10, 15 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் உழைக்கும். உடலின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை உறுப்பு இயங்கும் காலம்வரை, குறித்த நேரம் தப்பாமல் விழுங்க வேண்டும். அவற்றில் ஒன்றான டாக்ரோலிமஸை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை எடுப்பதே வழக்கம். எதிர்ப்பு அடங்கிய உடலில் காசநோய் புகும். 1986க்கும் 1999க்கும் இடையே வேலூரில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 1,251 பேரில் 166 பேருக்கு அது வந்தது. இந்தியாவில் உயிருடன் கொடுப்போரில் பெரும்பாலோர் தாய், மனைவி, சகோதரி என்று பெண்களாகவே இருப்பதும் சொல்லப்பட வேண்டியது.

நோயை முளையிலேயே பிடிக்கும் முயற்சிகளில் மருத்துவர் எம்.கே.மணியின் சிறுநீரக உதவி அறக்கட்டளை குறிப்பிடத்தக்கது. சென்னையை அடுத்த சிற்றூர்களில், பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்களே வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தாலும் பெனடிக்ட் கரைசலாலும் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உண்டா என்று சோதித்தார்கள். மலிவு விலை மாத்திரைகளாலேயே நீரிழிவையும் இரத்தக்கொதிப்பையும் கட்டுக்குள் வைக்க முடியும் என்று அத்திட்டம் காட்டியது.

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்தது. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான கரைசல் பைகளை, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. மாற்று அறுவைக்கு மட்டும் மதுரை, சென்னை போன்ற நகரங்களுக்குப் போக வேண்டும். தொண்டி சாலை வழியே திருவாடானையிலிருந்து மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அறுவை முடிந்த முதல் மாதங்களில், வாரத்துக்கு ஒரு முறையேனும் நோயாளி மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்தாக வேண்டும்.