நினைச்ச சீட்டு மட்டும் மாயமாவது எப்படி? 1905 மேஜிக்கின் ரகசியம்

செல்போன் திரையில் ஆறு சீட்டுகள். எல்லாமே ராஜா, ராணி, ஜாக்கி. 'ஒன்றை மனசுல நினைச்சுக்கோங்க' என்று வரும். அடுத்த திரையில் ஐந்துதான் இருக்கும். நீங்க நினைச்சது மட்டும் காணோம்! போன் மனசைப் படிக்குதா? இல்லை.

ரகசியம் என்ன?

இரண்டாவது திரையில் எல்லாச் சீட்டுமே புதுசு. இஸ்பேட் ராஜாவுக்குப் பதில் கிளாவர் ராஜா இருக்கும். ஒரே சீட்டைக் கவனித்தவருக்கு மற்றவை நினைவில் நிற்பதில்லை.

யாருடைய தந்திரம்?

ஹென்றி ஹார்டின் 1905-ல் வெளியிட்ட 'பிரின்சஸ் கார்டு டிரிக்' இது. அன்று கையில் சீட்டுடன் செய்தது, இணையம் வந்ததும் திரைக்கு மாறியது.

சோதிப்பது எப்படி?

முதல் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. ஆறுமே காணாமல் போயிருக்கும்.