தாராவித் தாய்மாரும் உதவித் திட்டங்களும்

பிழைப்பை நாடிப் பம்பாய் சேர்ந்த தமிழர் பல திறத்தினர். எழுத்து வேலையை நாடியவர் மாதுங்காவிலும் பின்னர்ச் செம்பூரிலும் குடியேறினர். தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையினின்றும் வந்தோர் தாராவியில் குடிசையிட்டனர். முன்னவர் அமைத்த சபைகளையும் பள்ளிகளையும் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். தாராவியில் பிறந்து வளர்ந்த குழந்தைகளின் வரலாற்றை அத்துணை பேசுவதில்லை. அதில் ஒரு பகுதியை இன்று சிறிது ஆராய்வோம்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தைத் தொடங்கிற்று. முதற்கண் தேர்ந்தெடுக்கப்பட்டவை நாடு முழுவதிலும் 33 இடங்களே. அவற்றுள் நகரப் பகுதிகள் நான்கு. அந்நான்கனுள் தாராவியும் ஒன்று. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி பயிற்சிக்கும் சாதனங்களுக்கும் துணை நின்றது. உலக உணவுத் திட்டமும் கேர் நிறுவனமும் பல மாநிலங்களில் உணவுப் பொருள்களை அளித்தன. கருவுற்ற தாய், பாலூட்டும் தாய், ஆறு வயதிற்குட்பட்ட குழந்தை ஆகிய மூவர்க்கும் ஊட்டவுணவும் தடுப்பூசியும் மருத்துவப் பரிசோதனையும் அங்கன்வாடியின் வாயிலாகக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம்.

நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் அங்கன்வாடிக்கு நடந்து வரக்கூடியது மூன்று வயதை எட்டிய குழந்தை. மெலிவு தொடங்குவதோ பெரும்பாலும் அதற்கு முன்பே, தாய்ப்பாலுடன் பிற உணவும் தேவைப்படும் ஆறாம் மாதத்திற்குப் பின். கூலிவேலைக்குச் சென்ற தாயின் கைக்குழந்தை வீட்டிலேயே தங்கிவிட்டது. இக்குறை நாடெங்கும் இருந்தது. 1980இல் உலக வங்கியின் கடனுதவியுடன் எழுந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வேறு வழியைக் கைக்கொண்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாதவர்க்கு உணவளித்து, தேறியபின் நிறுத்தினர். உதவி யாருக்கு, எப்போது வேண்டும் என்பதைத் தராசே காட்டிற்று.

தாராவிக்கு அருகே சயான் மாநகராட்சி மருத்துவமனையில் 1989இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி ஒன்றை நிறுவினார். ஆசியாவிலேயே அது முதலாவது. 1999இல் அவர் முன்னின்று தோற்றுவித்த ஸ்னேஹா நிறுவனம், 2006இல் தொடங்கி மும்பையின் 48 குடிசைப் பகுதிகளில் ஒரு சோதனை நடத்திற்று. பாதிப் பகுதிகளில் மட்டும் பெண்கள் குழுக்களைக் கூட்டிப் பேறுகாலப் பராமரிப்பைக் கலந்து பேசச் செய்தனர். நேபாளக் கிராமங்களில் சிசு மரணத்தைக் குறைத்த முறை அது. மும்பையிலோ தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. அம்முடிவை மறையாது 2012இல் வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

இதனால் குழுக்கள் வீண் என்று நாம் முடிவு கட்டலாகாது. மலைக்கிராமத்தின் குறை வேறு, நகரத்தின் குறை வேறு என்பதே இதில் நாம் காணும் பாடம். மும்பையில் பெரும்பாலோர் மருத்துவமனையிலேயே பேறு காண்கின்றனர். அங்கே கிட்டும் கவனிப்பின் தரமும் கேள்விக்குரியதாகிறது.

நம்மவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்ல ரயிலேறும் பெண், ஓர் ஊர்ப் பதிவேட்டினின்றும் நீங்கி மற்றோர் ஊரில் புதியவளாகிறாள். கைக்குழந்தையுடன் அவள் திரும்புகையில், எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, எது பாக்கி என்பதை யார் அறிவார்? 2010இல் மத்திய அமைச்சகங்கள் இரண்டு சேர்ந்து வகுத்த தாய் சேய் பாதுகாப்பு அட்டை இதற்கு உதவக்கூடியது. ஆனால் அட்டை பெட்டியினுள் தாயுடன் பயணம் செய்ய வேண்டும். அதிலுள்ள மராத்தியையோ தமிழையோ மறுமுனையில் இருப்பவர் படித்தறியவும் வேண்டும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இஃது அந்நியமான செய்தியன்று. எழுதியவர்க்கு விளங்கினால் மட்டும் போதாது. தாய்க்கும் விளங்க வேண்டும். மகளை ஊருக்கு அனுப்பும் அன்பர்கள் சேலைகளுக்கு மேலாக அவ்வட்டையை வைத்து அனுப்புவார்களாக.