அப்பாவிகளும் அப்பாக்களும்

'தெய்வத்திருமகள்' 2011 ஜூலையில் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஏழு பேர் சேர்ந்து பார்க்கப் போனோம். எனக்கு 14 வயது, அத்தை மகனுக்கு 10. அவனுக்கு ஆட்டிசம். "விக்ரம் நம்ம பிள்ளை மாதிரியே பண்ணியிருக்காராம்" என்று யாரோ சொல்லித்தான் அத்தை டிக்கெட் எடுத்திருந்தார்.

அவன் இடைவேளை வரை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீதிமன்றக் காட்சி வந்தது. விக்ரமும் குழந்தை சாராவும் தூரத்திலிருந்தே சைகையில் பேசிக்கொள்கிறார்கள், அரங்கமே மூக்கை உறிஞ்சுகிறது. அந்த அமைதியில் இவன் 'ம்ம்ம்' என்று முனகத் தொடங்கினான். பதற்றமானால் அப்படித்தான் செய்வான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா, படம் பாக்க வேணாமா?" அழுது தொண்டை கட்டிய குரல். அத்தை எழுந்து அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனவர், திரும்பி வரவில்லை.

பிறகு தேக்காவில் சாப்பிடும்போது அத்தை கேட்டார், "கடைசில பிள்ளை யார்கிட்ட போச்சு?" சொன்னேன்: வழக்கில் ஜெயித்த அப்பாவே மகளை வசதியான தாத்தா குடும்பத்திடம் கொடுத்துவிடுகிறார். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு, பரோட்டாவைப் பிய்த்து அவன் தட்டில் போட்டார். விக்ரமுக்காக அழுத அதே மனிதரால் எப்படி இவனைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பது அன்றிலிருந்து எனக்குள் இருக்கும் கேள்வி. பல வருஷம் கழித்து, பழைய படங்களைத் தேடிப்பார்க்க ஆரம்பித்ததும் அதனால்தான்.

லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைக் கவனித்து, ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்துக் கட்டுரை எழுதியது 1943இல். தமிழில் அதற்கு இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. 'மதியிறுக்கம்' என்கிறோம். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்று ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு எழுதுகிறார்கள். புற உலகச் சிந்தனையற்ற! எங்கள் அத்தை மகனுக்குப் புற உலகம் அளவுக்கு மீறிக் கேட்கிறது, தெரிகிறது. அதுதான் அவன் பிரச்சினையே.

சொல் வருவதற்கு முன்பே ஆட்கள் திரைக்கு வந்துவிட்டார்கள். நம் சினிமாவில் அவர்களுக்குப் பெயர் 'அப்பாவி'. 1986இல் கே. விஸ்வநாத் தெலுங்கில் எடுத்து, தமிழில் 'சிப்பிக்குள் முத்து' என்று வந்த படத்தின் சிவய்யா அப்படிப்பட்டவர். கமல் அந்தப் பாத்திரத்துக்கு எந்த மருத்துவப் பெயரும் வைத்துக்கொள்ளவில்லை. இன்று பார்ப்பவர்கள் பலர் அவரை ஆட்டிசம் உள்ளவராகவே படிக்கிறார்கள். ஒரு பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து நோய்ச்சீட்டு எழுதுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. எனக்கு ஆச்சரியம் வேறு. இந்த சிவய்யா ஒரு விதவைக்குத் தாலி கட்டுகிறார், வேலை தேடி அலைகிறார், பேரன் பேத்தி எடுத்துக் கிழவராகிறார். லேபிள் ஒட்டப்படாத மனிதருக்கு ஒரு முழு ஆயுள் கிடைத்திருக்கிறது. லேபிளோடு பின்னால் வந்தவர்களுக்கு இது வாய்க்கவில்லை. படத்தில் அசட்டுத்தனங்கள் நிறைய உண்டு, அவரைக் குழந்தையாகவே வைத்திருக்க அது படும் பாடும் தெரிகிறது. இருந்தாலும் அவர் வயதாகிறார்! நான்கு வருஷம் கழித்து மணிரத்னத்தின் 'அஞ்சலி'யில் மனவளர்ச்சி குன்றிய குழந்தை எல்லோர் மனத்தையும் இளக்கிவிட்டு இறந்துபோகிறாள்.

இரண்டுக்கும் நடுவில், 1988 டிசம்பரில், அமெரிக்காவில் 'ரெயின் மேன்' வந்தது. ஆட்டிசம் என்ற சொல்லை உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அந்தப் படம்தான். டஸ்டின் ஹாஃப்மன் கீழே கொட்டிய பல்குத்தும் குச்சிகளைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கிறார், சீட்டாட்டத்தில் தம்பிக்குப் பணம் ஜெயித்துக் கொடுக்கிறார். சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட நான்கு ஆஸ்கர். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் முக்கியமானவர் கிம் பீக். அபார நினைவாற்றல் கொண்டவர். அவருக்கு இருந்தது ஆட்டிசமே அல்ல, வேறொரு மரபணு நிலையாக இருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் படம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, எங்கள் வீவக புளோக்கின் மின்தூக்கி உட்பட. "கணக்கெல்லாம் நல்லா போடுவானோ?" என்று அத்தையிடம் கேட்காத பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. போடமாட்டான். எம்ஆர்டி நிலையங்களின் பெயர்களும் வரிசையாகத் தெரியாது. அவனுக்குப் பிடித்தது நகரும் படிக்கட்டின் சத்தம். கேட்டவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் வரும் பாருங்கள்.

ஷாருக் கானின் 'மை நேம் இஸ் கான்' (2010) அந்த அபூர்வ மனிதர் வரிசையில்தான் வரும். ஆனால் ரிஸ்வான் தன் கதையைத் தானே எழுதுகிறான், தானே சொல்கிறான். அந்த ஒரு காரணத்துக்காகவே அதன் மிகைகளை மன்னித்துவிடலாம்.

தமிழில் ஆட்டிசம் என்ற சொல்லையே நடுவில் வைத்து எடுத்த படம் 2013 பிப்ரவரியில் வந்த 'ஹரிதாஸ்'. (பெயரைக் கேட்டதும் எங்கள் தாத்தா, பாகவதர் படத்தைத் திரும்ப எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தார்.) ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கம், ரத்னவேலு ஒளிப்பதிவு. என்கவுன்ட்டர் போலீஸ்காரராகக் கிஷோர், தாயில்லாத மகனாகப் பிருத்விராஜ் தாஸ், ஆசிரியையாகச் சினேகா. அந்தப் பையன் நடித்ததில் வித்தை காட்டல் இல்லை. கண் எங்கோ இருக்கும், விரல்கள் தனியாக ஒரு வேலை செய்துகொண்டிருக்கும். அத்தை தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "இதான், இப்படித்தான்" என்றார். அதைவிடப் பெரிய விமர்சனம் அந்தப் படத்துக்குத் தேவையில்லை.

அத்தையை மிகவும் பாதித்தது மகனைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்க அப்பா படும் பாடு. அதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தபோது, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மிதமான, கடுமையான தேவை உள்ள பிள்ளைகளையும் சட்டம் சேர்த்துக்கொண்டது 2019இல்தான். இவன் 2001இல் பிறந்தவன். சட்டப்படி இவன் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகப் பாத்லைட் பள்ளி 2004இல் தொடங்கியிருந்தது. அங்கே சொல்லித்தருவது பொதுப் பாடத்திட்டம், இவனுக்கு அது ஒத்துவராது. வேறொரு சிறப்புப் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை அத்தை வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தார்.

ஆனாலும் 'ஹரிதாஸ்' பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பையன் ஓடுகிறான், ஜெயிக்கிறான். அந்த ஓட்டம் அவனுக்கு என்ன? காலடியில் தரை எப்படி இருக்கிறது, காற்று காதில் என்ன செய்கிறது? கேமரா அங்கே போவதில்லை. அது அப்பாவின் தோளருகே நின்று பார்க்கிறது. 'தெய்வத்திருமகள்' அப்பாவின் தியாகம் என்றால் இதுவும் அப்பாவின் தியாகம், முன்னதில் குறை உள்ளவரே அப்பா என்பது மட்டும் வித்தியாசம். 2005இல் வந்த 'மாரத்தான்' என்ற கொரியப் படமும் ஆட்டிசம் உள்ள ஓட்டக்காரரின் கதைதான், பே ஹியோங்-ஜின் என்ற உண்மையான இளைஞரைத் தழுவியது. அதில் அம்மாவே ஓரிடத்தில் தடுமாறிப்போகிறாள்: ஓடுவது அவன் ஆசையா, என் ஆசையா? இந்தக் கேள்வியை நம் படங்களில் எந்த அப்பாவும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அழும் ரசிகர் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து அழுகிறார். அந்த இடத்திலிருந்து பார்த்தால், பின்னால் முனகும் பையன் தொந்தரவுதான். எனக்கு விடை கிடைத்தது என்று சொல்லமாட்டேன், அந்தக் குரலின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

ராமின் 'பேரன்பு' (2019) பேசுவது மூளை முடக்குவாதத்தை. அதுவும் அப்பா கதைதான். இருந்தாலும் அந்தப் பெண் வயதுக்கு வருகிறாள், அவளுக்கு உடலும் ஆசையும் இருக்கின்றன என்பதை முகத்தைத் திருப்பாமல் பார்த்தது. இங்கே 2016இல் பாங்டெமோனியம் குழு 'ஃபாலிங்' என்ற அமெரிக்க நாடகத்தை மேடையேற்றியது. ஆண்ட்ரூ மார்க்கோ 18 வயது ஜோஷாக நடித்தார். மகன் வளர்ந்துவிட்டான், கை ஓங்கினால் அம்மாவால் தடுக்க முடியாது. நேசிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பயப்படும் வீடு! இதைத் தமிழில் யாரும் தொடவில்லை. அத்தைக்கும் முன்கையில் இரண்டு தழும்புகள் உண்டு. அரைக்கைச் சட்டை போடமாட்டார்.

தொலைக்காட்சி நல்ல வக்கீல்களையும் மருத்துவர்களையும் தந்தது. கொரியாவின் 'குட் டாக்டர்' (2013), பிறகு அதன் அமெரிக்க வடிவம், 2022இல் 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ'. எங்கள் அலுவலகத்தில் வூவைப் பார்க்காத ஆள் இல்லை. எல்லோரும் இவனைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். மூன்றாவது பாகத்தில், அதிகம் பேச்சு வராத ஆட்டிச இளைஞன் ஒருவன் குற்றம் சாட்டப்பட்டு வருகிறான். கெட்டிக்கார வூவையும் அவனையும் உலகம் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதை அவளே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. தொடர் அதற்குப் பிறகு திமிங்கலங்களுக்குப் போய்விடுகிறது. நான் அந்த இளைஞனோடு நின்றுவிட்டேன்.

2025 ஜூனில் 'சிதாரே ஜமீன் பர்' வந்தது. இயக்கம், 'கல்யாண சமையல் சாதம்' எடுத்த நம்ம ஆர்.எஸ். பிரசன்னா. மூலம் 'சாம்பியன்ஸ்' என்ற ஸ்பானியப் படம். கூடைப்பந்து அணியின் பத்துப் பேராக அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களே நடித்திருந்தார்கள். நாயகன் என்னவோ பயிற்சியாளர் ஆமிர் கான்தான். சரி, ஒரேயடியாக எல்லாம் மாறிவிடுமா?

அத்தைக்குப் பயம், அதனால் நான் மட்டும் அவனைக் கூட்டிப்போனேன். வார நாள், மதியக் காட்சி, ஓர இருக்கை, காதுக்கு ஹெட்ஃபோன். இப்போது அவனுக்கு 24 வயது. இந்தி இருவருக்கும் புரியாது, அவன் எழுத்தையும் படிக்கவில்லை. பந்து தரையில் மோதும் சத்தத்துக்கு மட்டும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டான், திரும்பப் போட்டுக்கொண்டான். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். பிறகு முனகல் தொடங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவன் எழுந்தான், நானும் எழுந்தேன்.

வெளியே நகரும் படிக்கட்டில் ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். நாலாவது முறை நானும் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். மேலே போகும்போது ஒரு மாதிரியும் கீழே வரும்போது வேறு மாதிரியும் இருக்கிறது. அத்தையிடமிருந்து வாட்ஸ்ஆப் வந்தது: "படம் முடிஞ்சிடுச்சா?" இன்னும் இல்லை என்று பதில் போட்டேன்.