பிளவும் பிசினும்: மரப்பாள மேசையின் கதை

மரத்தை நீளவாக்கில் அறுத்தெடுத்த முழுப் பாளத்தை, ஓரத்தைச் சீவி நேராக்காமல், பட்டைக்கு அடியில் மரம் வளர்ந்த வளைவு அப்படியே தெரியும்படி மேசையின் மேற்பலகையாக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அந்தப் பாளத்தின் வெடிப்புகளையும் பொந்துகளையும் எப்பாக்ஸி என்னும் செயற்கைப் பிசினால் நிரப்புவது அதனோடு ஒட்டிப் பிறந்த வழக்கம் போலத் தோன்றினாலும், இவ்விரண்டும் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றி, நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தவை. முன்னதன் வரலாறு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உருப்பெற்றது என்றாலும் அதில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு. பின்னதன் வரலாறு செயற்கைப் பல் செய்வதற்குரிய பொருளைத் தேடிய ஒரு சுவிஸ் வேதியியலரிடம் தொடங்குகிறது.

மரம் ஏன் வெடிக்கிறது என்பதை அறிந்தால்தான் இந்த வரலாறு விளங்கும். பச்சை மரத்தில் நீர் இரு வகையாகத் தங்கியிருக்கிறது: ஒன்று செல்களின் உள்ளறையில் நிற்கும் நீர், மற்றொன்று செல்சுவர்களில் ஊறிய நீர். உள்ளறை நீர் வெளியேறும்போது மரத்தின் எடை குறையுமே தவிர மரம் சுருங்குவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கிய பிறகே சுருக்கம் தொடங்குகிறது. அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. அமெரிக்கக் கறுப்பு வால்நட் மரம் பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் 5.5 விழுக்காடும், ஆண்டு வளையங்களின் போக்கில் 7.8 விழுக்காடும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லிவிடலாம். வளையத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைவிட விரைந்து குறைவதால், மரத்தின் நடுமையத்தை உள்ளடக்கிய எந்தப் பாளமும் எங்கேனும் ஓரிடத்தில் பிளந்தே தீரும். வெட்டுமுகங்கள் வழியாக நீர் விரைவாக வெளியேறுவதால் பிளவு பெரும்பாலும் பாளத்தின் இரு தலைகளில்தான் முதலில் தென்படுகிறது. அறுத்த கையோடு அந்த முகங்களில் மெழுகோ வண்ணமோ பூசிவைப்பது இதைத் தடுக்கத்தான். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு காற்றில் உலர்த்த வேண்டும் என்பது அறுவைக்காரர்களின் பழைய கணக்கு.

பழைய தச்சுமுறை இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்த்தே சென்றது. நடுமையத்தை ஒதுக்கி, வெளிறு எனப்படும் மென்மையான வெளிமரத்தை நீக்கி, வைரம் பாய்ந்த உள்மரத்தைக் குறுகிய பலகைகளாக அறுத்து, அவற்றைச் சட்டத்தில் பூட்டி மேசை செய்தார்கள். தப்பித்தவறி வந்த வெடிப்பை மறைப்பது கைத்திறனாகக் கருதப்பட்டது. தமிழ்நாட்டுத் தச்சர்கள் மரத்தூளைப் பசையில் குழைத்து மக்கு வைத்துத் தேய்த்தார்கள். ஐரோப்பியக் கைவினைஞர்கள் மெழுகும் அரக்கும் கலந்த குச்சிகளைச் சூட்டில் உருக்கிக் குழிகளில் இட்டார்கள். ஜப்பானில் உருஷி என்னும் மரப்பாலோடு மரத்தூளும் மாவும் சேர்த்துக் குழைத்த கூழ், கி.பி. 8ஆம் நூற்றாண்டிலேயே புத்தர் சிலைகளை வனையவும் நிரப்பவும் பயன்பட்டது. நிரப்பியது கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதே இவ்வேலைகளுக்குப் பொதுவான நெறியாக இருந்தது.

அந்த நெறியிலிருந்து விலகியவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் நாகஷிமா. 1905இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த இவர், கட்டடக் கலை பயின்று, 1930களின் நடுவில் டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் தன் அன்பர்கள் தங்குவதற்கென ஒரு கட்டடத்தை வடிவமைக்கும் பணியை ரேமண்டிடம் ஒப்படைத்தபோது, கட்டுமானத்தை நேரில் இருந்து கவனிக்க நாகஷிமா 1937இல் புதுச்சேரிக்கு வந்தார். ஹைதராபாத் அரசில் உயர்பதவி வகித்த சர் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்த நிதியை நினைவுகூரும் வகையில் கோல்கொண்டா எனப் பெயர்பெற்ற அக்கட்டடம், அசையும் கான்கிரீட் பட்டிகைகளால் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் அமைப்பு கொண்டது. இந்தியாவின் தொடக்ககால நவீனக் கான்கிரீட் கட்டடங்களுள் அதற்கு முக்கியமான இடம் உண்டு. அங்கே வேலை செய்தவர்களில் பலர் கூலித் தொழிலாளர்கள் அல்லர், ஆசிரமத்து அன்பர்கள். சிறிது காலத்தில் நாகஷிமாவும் ஊதியத்தை வேண்டாமென்று மறுத்து அவர்களுள் ஒருவரானார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்கு இட்ட பெயர் சுந்தரானந்தா. அறைகளுக்கான தேக்குமரச் சாமான்களை வடிவமைத்த அனுபவம் இங்கேதான் அவருக்கு வாய்த்தது. கையால் செய்யும் வேலையையே ஒரு வழிபாடாகக் கொள்ளும் மனநிலை அவருடைய பிற்கால எழுத்திலும் பட்டறை நடைமுறையிலும் ஓடிக்கொண்டிருப்பதைக் காணும் எவரும், 1939 வரை நீண்ட இந்தப் புதுச்சேரி வாழ்க்கையை அவர் வரலாற்றின் ஓரத்தில் வைத்துவிட முடியாது. அமெரிக்க அறைகலன் வரலாற்று நூல்கள் பலவும் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

அமெரிக்கா திரும்பிய நாகஷிமா சியாட்டில் நகரில் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கிய சில காலத்திலேயே போர் குறுக்கிட்டது. 1942 பிப்ரவரியில் பிறந்த அரசாணையின்படி மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் அனைவரும் முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது, அவரும் மனைவியும் கைக்குழந்தையாக இருந்த மகள் மீராவும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையின் நடுவே அவருக்குக் கிடைத்த ஒரே பேறு, ஜப்பானிய மரபுத் தச்சில் தேர்ந்த கெண்டாரோ ஹிகோகாவா என்பவரின் துணை. முகாமில் கிடைத்த கழிவு மரத்தையும் பாலைவனப் புதர்க் கட்டைகளையும் கொண்டு இருவரும் வேலை செய்தார்கள். ஜப்பானியக் கைக்கருவிகளைக் கையாளும் நுட்பத்தையும், குறையுள்ள மரத்தையும் பொறுமையோடு நெருங்கும் முறையையும் நாகஷிமா இவரிடம் கற்றார். 1943இல் ரேமண்ட் பொறுப்பேற்றதால் விடுதலை பெற்ற குடும்பம் பென்சில்வேனியாவின் நியூ ஹோப் பகுதியில் குடியேறியது.

அங்கே தொடக்க ஆண்டுகளில் நல்ல பலகை வாங்கப் பணமில்லாத நிலையில், அறுவை ஆலைகள் விற்பனைக்கு ஆகாதென்று ஒதுக்கிய மரத்தையே அவர் பெரிதும் நம்பியிருந்தார். கோணல் ஓரமும் முடிச்சும் வெடிப்பும் உள்ள அந்தப் பாளங்களை வழக்கமான பலகையாக்கினால் பாதிக்கு மேல் வீணாகும். அவற்றின் வடிவத்தையே மேசையின் வடிவமாக ஏற்றுக்கொண்டால் வீணாவதற்கு எதுவுமில்லை. வறுமையில் பிறந்த இத்தீர்வு அவர் கையில் ஒரு கொள்கையாக முதிர்ந்தது. பிற்காலத்தில் பெருமரங்களை விலைகொடுத்து வாங்கும் வசதி வந்த பின்னரும், அடிமரத்தை எந்தக் கோணத்தில் அறுப்பது என்பதை ஆலையில் உடனிருந்து முடிவு செய்து, ஒரே மரத்தின் பாளங்களை வரிசை மாறாமல் அடுக்கி ஆண்டுக்கணக்கில் உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய பயன் புலப்படும்வரை காத்திருந்தார். அவருடைய நூல் 1981இல் வெளிவந்தது. 1990இல் அவர் மறைந்தார்.

பிளவை அவர் எதிர்கொண்ட விதம் தனித்துக் கவனிக்க வேண்டியது. பிளவை நிரப்பாமல் திறந்தபடியே விட்டு, அதன் குறுக்கே பட்டாம்பூச்சிக் கட்டைகளைப் பதித்தார். நடுவில் ஒடுங்கி இரு முனைகளிலும் விரிந்த, உடுக்கை போன்ற வடிவம் கொண்ட சிறு கடின மரத்துண்டே பட்டாம்பூச்சிக் கட்டை எனப்படுவது. அதன் இழையோட்டம் பிளவுக்குக் குறுக்காக அமைய வேண்டும். நீளவாக்கில் மரம் சுருங்குவதும் விரிவதும் மிகக் குறைவாதலால், பிளவின் இரு கரைகளும் மேலும் விலக முயலும்போது கட்டையின் விரிந்த முனைகள் அவற்றை இழுத்துப் பிடிக்கின்றன. முதலில் கட்டையைச் செதுக்கி, அதைப் பாளத்தின் மேல் வைத்துக் கூர்முனையால் சுற்றிக் கோடிட்டு, கோட்டுக்கு உட்புறமாக உளியால் குழி தோண்டி, பசையிட்டுச் சுத்தியலால் மெல்ல இறக்குகிறார்கள். கட்டையின் அடிப்பக்கம் சிறிதே சரிவாக இழைக்கப்பட்டிருப்பதால், உள்ளே இறங்க இறங்க அது குழியின் சுவரை இறுக்கிக்கொள்கிறது. இவ்வடிவம் மிகப் பழையது: எகிப்தியக் கோயில்களில் அடுத்தடுத்த கற்களைப் பிணைக்க மரத்தால் செய்த இத்தகைய பூட்டுகள் பதிக்கப்பட்டன. நாகஷிமா செய்த மாற்றம், அதுவரை பெரும்பாலும் மறைவில் இருந்த பிணைப்பை மேசையின் நடுவே எல்லோரும் பார்க்கும்படி வைத்ததுதான்.

எப்பாக்ஸியின் கதை இதே ஆண்டுகளில் வேறொரு திசையில் நடந்தது. 1930களில் சுவிட்சர்லாந்தின் டி டிரே என்னும் பல்மருத்துவப் பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய பியர் காஸ்டான், செயற்கைப் பல்தொகுதிகளை வார்ப்பதற்கு, இறுகும்போது அதிகம் சுருங்காத ஒரு பிசினைத் தேடினார். எப்பிகுளோரோஹைட்ரின், பிஸ்ஃபீனால் ஏ என்னும் இரு வேதிப்பொருள்களை வினைபுரியச் செய்து அதைக் கண்டடைந்தார். பல்மருத்துவத்தில் அது நிலைபெறவில்லை. உரிமத்தைப் பெற்ற பாசல் நகரத்துச் சீபா நிறுவனம் அதை ஒட்டுப்பசையாக்கி, 1946இல் சுவிஸ் தொழிற் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அரால்டைட் என்ற பெயரில் இந்திய வீடுகளிலும் பழகிப்போன இரட்டைக் குழாய்ப் பசை அந்த வழியில் வந்ததே. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ வண்ணப்பூச்சுத் தொழிலுக்காக இதே வகைப் பிசின்களை உருவாக்கினார். பிசினோடு கெட்டியாக்கி எனப்படும் இரண்டாம் பொருளைக் குறித்த விகிதத்தில் கலக்கும்போது, இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று பின்னி வலைபோல் இறுகுகின்றன; இப்படி ஒருமுறை இறுகியதைச் சூடாக்கி மீண்டும் உருக்க முடியாது.

மரத்தோடு இப்பிசினை நெருங்கிப் பழகச் செய்தவர்கள் படகுக் கட்டுநர்கள். மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் கூஜன் சகோதரர்கள் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆணியை நம்பாமல் எப்பாக்ஸியால் ஒட்டி, வெளிப்புறம் உட்புறம் எல்லாவற்றையும் அதே பிசினால் பூசி நீர்புகாமல் அடைத்த மரப்படகுகளைக் கட்டினார்கள். மரத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கும்போதே பிசின் நன்றாகப் பற்றும் என்பது போன்ற நடைமுறை அறிவு இத்துறையில்தான் திரண்டது. பின்னாளில் மேசை செய்வோர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இரு கதைகளும் ஒன்றாகப் பெருகியது 21ஆம் நூற்றாண்டில். எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய சிறு அறுவை எந்திரங்கள், முன்பு விறகாகிப்போன நகர மரங்களையும் பாளமாக்க வழிசெய்தன. 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகதச் சாம்பல்மரத் துளைப்பான் வண்டு பல கோடி மரங்களைக் கொன்றபோது, வீழ்ந்த மரத்துக்கு மதிப்பான பயனைத் தேடும் தேவையும் கூடியது. 2010களில் வாஷிங்டன் மாநிலத்துக் கைவினைஞர் கிரெக் கிளாசன், இரு பாளங்களின் வளைந்த ஓரங்களை எதிரெதிரே வைத்து, நடுவே நீலக் கண்ணாடியை ஆறுபோல வெட்டிப் பதித்த மேசைகளால் புகழ்பெற்றார். கண்ணாடியை அப்படி வளைத்து வெட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். நிறமேற்றிய எப்பாக்ஸியோ எந்த இடைவெளியிலும் தானே சென்று நிறைந்துகொள்ளும். ஆற்று மேசை பல நாட்டுப் பட்டறைகளுக்கும் பரவியதில் இந்த எளிமைக்குப் பெரும் பங்கு உண்டு.

எளிமை என்பதும் ஓரளவுக்குத்தான். மெல்லிய வெடிப்பானால், அடியில் ஒட்டுநாடாவால் அடைத்து, சற்றே வெதுவெதுப்பாக்கிய பிசினைத் துளித்துளியாக விட்டு, அது உள்ளிறங்க இறங்க மேலும் ஊற்றி, இறுகிய பின் சீவி உப்புத்தாளால் தேய்த்தால் வேலை முடிந்துவிடும். அகன்ற இடைவெளியை நிரப்பும்போதுதான் பிசினின் குணங்கள் வெளிப்படுகின்றன. வால்நட் மரம் பிசினைவிட இலேசானதாகையால், பாளத்தை அச்சுப்பெட்டியோடு இறுக்கிப் பிணைக்காவிட்டால் அது மிதந்து எழுந்துவிடும். இறுகும் வினை வெப்பத்தை வெளியிடுவதால், விரைவாக இறுகும் பிசினை ஒரேயடியாகக் கனமாக ஊற்றினால் அது கொதித்துப் புகைந்து, தானே வெடித்துப்போவதும் உண்டு. மரத்தின் நுண்துளைகளில் உள்ள காற்று குமிழிகளாக வெளியேறாதிருக்க, முதலில் மெல்லிய பூச்சொன்றைத் தடவி அத்துளைகளை அடைக்கிறார்கள்.

இத்தனையும் சரியாக நடந்தாலும், நிரப்புவதும் பிணைப்பதும் ஒன்றாகிவிடுவதில்லை. மரம் மேசையான பின்னும் மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்குகிறது. பிசின் அந்த அசைவில் பங்குகொள்வதில்லை. போதிய அளவு உலராத பாளத்தில் ஊற்றிய பிசின், ஓரிரு ஆண்டுகளில் மரத்தின் கரையிலிருந்து விட்டுப் பிரிகிறது, அல்லது அதன் பக்கத்திலேயே புதிய வெடிப்பு தோன்றுகிறது. இதனால்தான் கவனமான பட்டறைகள் பிசினை ஊற்றிய பிளவின் குறுக்கேயும் பட்டாம்பூச்சிக் கட்டையைப் பதிக்கின்றன. தொழிலாளர் உடல்நலமும் இதில் அடங்கியுள்ளது: கெட்டியாக்கியில் உள்ள அமீன் வேதிப்பொருள்கள் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன, அது ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை, முழுதும் இறுகாத பிசினைத் தேய்க்கும்போது எழும் தூளும் தீங்கானது. கையுறையும் மூச்சுக்கவசமும் இல்லாமல் நடக்கும் பட்டறையின் மலிவான மேசைக்கு உண்மையான விலையைக் கொடுப்பவர் அங்கே தேய்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்தான்.

செப்பனிடுதலில் வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. அரக்குப் பூச்சைச் சாராயத்தில் கரைத்து நீக்கலாம். பட்டாம்பூச்சிக் கட்டை தளர்ந்தால் செதுக்கியெடுத்து வேறொன்றைப் பதிக்கலாம். எப்பாக்ஸியோ வெயிலின் புற ஊதாக் கதிர்பட்டு மஞ்சளிக்கிறது, கரைப்பான்களுக்கு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. மரத்தைச் சேதப்படுத்தாமல் அதை வெட்டியெடுப்பது கடினம். தலைமுறைகள் தாண்டி நிற்க வேண்டிய மேசைகளுக்கு இந்த வேறுபாடு முக்கியமாகிறது. அத்தகைய மேசைகளாக, நாகஷிமா ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு சமாதான மேசை என்று திட்டமிட்டு, பெரிய வால்நட் பாளங்களால் செய்த முதல் மேசை 1986இன் இறுதியில் நியூயார்க் நகரின் புனித யோவான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் மகள் மீராவின் பொறுப்பில் ஆசியாவுக்கென உருவான மேசை 1996இல், அவர் இளமையில் வாழ்ந்த புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது.