எழுவான்கரைச் சனியும் படுவான்கரை ஞாயிறும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து போவது படுவான்கரை. கல்லடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு எல்லாம் ஒரு பக்கம். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, வெல்லாவெளி, மண்டூர் எல்லாம் மறுபக்கம். இரண்டு கரையிலும் ஒரே தமிழ், ஒரே குடிவழக்கு, வைகாசி வந்தால் ஒரே கண்ணகி அம்மன் சடங்கு. ஆனால் பிள்ளைகளின் லீவு நாள் மட்டும் இரண்டு விதமாக இருந்தது.

நிலம், குடி, கூத்து, கோயில் ஆகியவற்றை வைத்து இந்த இரு கரைகளையும் ஒப்பிடுவது வழக்கம். இங்கே நான் எடுத்துக்கொள்வது அவற்றைவிடச் சின்ன விஷயம்: அறுபதுகளிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை ஒரு பிள்ளைக்குச் சனியும் ஞாயிறும் எப்படிக் கழிந்தன, எது அதற்கு ஆறுதலாக இருந்தது என்பது. அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஒவ்வொரு கரைப் பிள்ளையின் மகிழ்ச்சியிலும் பாதி மறுகரையிலிருந்து வந்தது.

லீவை யார் அறிவித்தது?

எழுவான்கரையில் லீவை அறிவித்தது பாடசாலை மணி. 1873இல் தொடங்கிய புனித மைக்கேல் கல்லூரி, 1929இல் கல்லடியில் எழுந்த சிவானந்த வித்தியாலயம், ஊருக்கு ஊர் இருந்த மிஷன் பள்ளிகள் ஆகியவை அந்தக் கரையின் வாரத்தைச் செதுக்கி வைத்திருந்தன. வெள்ளி பின்னேரம் மணி அடித்தால் திங்கள் காலை வரை பிள்ளைக்குச் சுதந்திரம். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுத் தேவாலயங்களின் மணியோசையும், வீரகேசரி வாரவெளியீடும், தினகரன் வாரமஞ்சரியும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி அடையாளம் கொடுத்தன. அப்பா வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, சிறுவர் பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு திண்ணைக்கு ஓடுவது அந்த நாளின் முதல் காரியம்.

படுவான்கரையில் லீவைத் தீர்மானித்தது வெள்ளாமை. ஐப்பசியில் விதைத்த மாரி வெள்ளாமை மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும். அந்த நாட்களில் சனியும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான். வகுப்பறையில் பாதி வாங்கு காலியாகக் கிடக்கும். வாத்தியாருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அவருடைய வீட்டு வயலும் அதே வட்டையில்தான் இருக்கும். அறுவடை முடிந்து வைக்கல் ஏறிய பிறகு வரும் சனி, ஞாயிறுதான் அங்கே உண்மையான லீவு.

இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க நாட்டின் வரலாறே ஒரு வாய்ப்புத் தந்தது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறை எடுக்கப்பட்டு, போயா நாட்கள் வார விடுமுறையாக இருந்தன. லீவு சந்திரனோடு நகர்ந்தது. ஒரு கிழமை செவ்வாயில் வரும், அடுத்த தடவை புதனில் வரும். எழுவான்கரையில் அது பெரிய குழப்பம். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும் கலண்டரைப் பார்த்தபடியே இருந்தார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போகிற குடும்பங்கள் அதை வேலை நாளில் வைத்துச் சமாளித்தன. படுவான்கரையில் அந்த ஐந்தாண்டுகளும் பெரிய சலனமில்லாமல் போயின. நிலவைப் பார்த்து நாள் கணிக்கிற வழக்கம் அங்கே முன்பே இருந்தது. நாளைப் பார்த்து ஓய்வு எடுக்கிற வழக்கம்தான் அங்கு குறைவு.

கைக்கு வேலை, காலுக்கு விளையாட்டு

எழுவான்கரையின் காலை கடற்கரையில் தொடங்கும். கடல் அமைதியான மாதங்களில் கரைவலை வளைத்திருப்பார்கள். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு அணி இழுக்கும். பெரியவர்கள் முன்னுக்கு, வயது வந்த பொடியன்கள் நடுவில், கயிற்றின் வால்பக்கத்தில் நாங்கள். எங்கள் இழுவையால் வலை ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது. என்றாலும் யாரும் எங்களைத் துரத்தியதில்லை. அம்பாப் பாட்டுக்கு எல்லோரும் கால் ஊன்றும்போது மணல் உள்ளங்காலைச் சுடும். உப்புக் கயிறு உள்ளங்கையைச் சிவப்பாக்கும். மடி கரைக்கு வந்து அவிழ்ந்ததும் நெத்தலியும் சூடையும் வெள்ளியாகத் துள்ளும். கடைசியில் யாராவது ஒருவர் ஒரு பிடி மீனை அள்ளி எங்கள் சட்டை மடிப்பில் போடுவார். அந்த ஒரு பிடி மீனோடு வீட்டுக்குள் நுழைகிற பிள்ளைக்கு அன்று அடுப்படியில் தனி மதிப்பு.

படுவான்கரைப் பிள்ளையின் விடியற்காலை பட்டியில் தொடங்கும். எருமைப் பால் கறக்கும்போது கன்றைப் பிடித்துக்கொள்வது, வயலுக்குச் சோற்றுப் பெட்டி கொண்டுபோவது, கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் பரணில் ஏறி இருந்து தகரத்தைத் தட்டிக் குருவி ஓட்டுவது, இவைதான் அங்கே சனிக்கிழமை. உப்பட்டி கட்டிச் சூடு வைத்த பிறகு களவெட்டியில் விடிய விடிய சூடு மிதிப்பார்கள். வைக்கல் போரில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளை நித்திரையாகிவிடும். வேலைக்கு நடுவில்தான் விளையாட்டு. பாலைப்பழம், வீரப்பழம், நாவற்பழம் தேடிக் காட்டோரம் போவார்கள். நாக்கு ஊதாவாகித் திரும்புவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வற்றும் இடத்தில் அத்தாங்கு வைத்து விரால் பிடிப்பார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால், ஒரு கரையில் விளையாட்டு, மறுகரையில் உழைப்பு என்று பிரித்துவிடத் தோன்றும். அது சரியல்ல. இரண்டு கரையிலும் பெரியவர்களின் உண்மையான வேலைக்குள் பிள்ளைக்கு ஓர் இடம் இருந்தது. கரைவலைக் கயிற்றின் வாலும் வயல் பரணும் அந்த இடங்கள்தான். பிள்ளையின் உதவி தேவைப்பட்டதா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பிள்ளை பக்கத்தில் நிற்பதை விரும்பினார்கள். எழுவான்கரையில் இந்த இடத்தைப் பிள்ளை தானே தேடிப் போனது, படுவான்கரையில் அது பிறப்போடு கிடைத்தது. வேறுபாடு அவ்வளவே. படுவான்கரைப் பிள்ளைக்கு அதற்கு ஒரு விலையும் இருந்தது. வெள்ளாமைக் காலத்தில் தவறிய பாடங்கள் பல பிள்ளைகளுக்குப் பரீட்சையில் திரும்பி வந்தன. அந்த இழப்பை மறைத்துவிட்டுப் பழைய நாட்களைப் புகழ்வது நியாயமாகாது.

அடுப்படி

ஞாயிறு எழுவான்கரை அடுப்படியில் தேங்காய்தான் அரசன். குழல்பிட்டும், முதல் நாள் மீன் குழம்பைச் சுண்டவைத்த சட்டியும், மாசிச் சம்பலும் காலைக்கு. மதியத்துக்கு வாவி நண்டு அல்லது இறால். சட்டியில் மிஞ்சிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து அம்மா ஆளுக்கொரு உருண்டையாகக் கையில் தருவார். எத்தனை கறி வைத்திருந்தாலும் அந்தக் கடைசி உருண்டைக்குத்தான் சண்டை.

படுவான்கரையில் பாலும் அரிசியும். புது நெல்லு வந்த கையோடு பொங்குகிற பால்புக்கை. விடியலில் பழஞ்சோற்றில் தேங்காய்ப்பால் விட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலே எருமைத் தயிர். பாலைச் சுண்டக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மண்சட்டிகளில் ஊற்றி உறை விடுவார்கள். அதன்பிறகு சட்டியை யாரும் அசைக்கக்கூடாது. இரவு முழுவதும் சட்டி இருக்கும் மூலைப்பக்கம் ஓடி விளையாடவும் தடை. காலையில் சட்டியைச் சரித்தாலும் தயிர் சரியாது. மேலே மஞ்சள் பூத்த ஆடை ஒரு விரல் கனத்துக்கு நிற்கும். அந்த ஆடையில் சீனி தூவி முதல் கரண்டி யாருக்கு என்பதை வீட்டின் மூத்த பெண்தான் தீர்மானிப்பார்.

இங்கேதான் இரு கரைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பார்க்கிறோம். தயிர்ச்சட்டி கிழக்கே போனது. கடல்மீனும் கருவாடும் தேங்காயும் மேற்கே வந்தன. எழுவான்கரைப் பிள்ளைக்குத் தயிர் ஒரு விருந்து, படுவான்கரைப் பிள்ளைக்கு அது அன்றாடம். கடல்மீன் என்றால் கணக்கு அப்படியே தலைகீழ். இரண்டு கரைக்கும் பொதுவாக இருந்தது, உண்டபின் படுத்துக்கொள்ளும் பன்பாயின் குளிர்ச்சி.

இரவு

எழுவான்கரை இரவுக்கு வானொலியும் வாவியும். இலங்கை வானொலியின் நாடகத்தையும் பாட்டையும் கேட்க அயல் வீட்டுப் பிள்ளைகளும் வந்து முற்றத்தில் குந்துவார்கள். 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தடியில், நிலாக் காலத்தில் தோணியில் போய்ப் பாடும் மீன் கேட்பது பெரிய மனம் வைத்த மாமாக்கள் தருகிற பரிசு. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைக்கவேண்டும். 1848இல் இங்கே வந்த எமர்சன் ரெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரியும் இந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீனல்ல, ஊரி என்ற நத்தைதான் என்று அவருக்குச் சொன்னவர்கள் எங்கள் மீனவர்கள்.

படுவான்கரை இரவுக்குக் கூத்து. வடமோடியோ தென்மோடியோ, அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிவிட்டால் மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். பகலில் வரம்பு வெட்டியவர் இரவில் அருச்சுனனாக நிற்பார். களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு யார் ஆட்டத்தை எங்கே பிழைத்தார் என்பது முதற்கொண்டு மனப்பாடம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் பறங்கியர் முன்னே கல் நந்தி புல் தின்ற கதையைப் பெத்தா சொல்லக் கேட்டுத் தூங்கியவர்களும் அவர்கள்தான்.

எழுவான்கரைப் பிள்ளை உலகத்தைக் கேட்டு வளர்ந்தது. படுவான்கரைப் பிள்ளை தன் ஊரே ஆடுவதைப் பார்த்து வளர்ந்தது. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டும் கிடைத்த பிள்ளைகள் இருந்தார்கள், கொடுத்துவைத்தவர்கள் அவர்கள்தான்.

பாதை

அப்படி இரண்டும் கிடைக்கக் காரணம் எங்கள் கலியாண வழக்கம். இந்தப் பகுதியில் வீடும் வளவும் மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து குடியிருப்பார். அம்மம்மாவும் சின்னம்மாமாரும் ஒரே வளவில் இருக்க, அப்பாவின் சொந்தம் வேறிடத்தில், பல குடும்பங்களில் மறுகரையில், இருந்தது. லீவுக்குப் போவதென்றால் பெரும்பாலும் அப்பம்மா வீடு. அதற்கு வாவியைக் கடக்கவேண்டும்.

கடப்பது பாதையில். இரண்டு வள்ளங்களைப் பிணைத்துப் பலகை பரப்பிய மேடை. குருமண்வெளித் துறையில் நிற்கும்போது பாதை மண்டூர்ப் பக்கம் நின்றால், அது திரும்பி வரும்வரை காத்திருக்கவேண்டும். சைக்கிள்கள், நெல்மூட்டை, கோழிக்கூடை, கோயிலுக்குப் போகிறவர்களின் பூத்தட்டு எல்லாம் ஏறிய பிறகு பாதை நகரும். நடு வாவியில் காற்று மாறும். மணல் வாசனை போய்ச் சேற்று வாசனையும் வைக்கல் வாசனையும் வரும். அக்கரையில் இறங்கினால், “கைகால் கழுவித்து வா மனே, மறுகா கதைப்பம்” என்று அப்பம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார். சின்னக் கதிர்காமம் என்று சொல்லப்படும் மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு இப்படிக் கடந்து போகாத எழுவான்கரைப் பிள்ளை குறைவு.

அறுந்த காலம்

போர் இந்தக் கடப்பை அறுத்தது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டிலும், எழுவான்கரை அரசின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. சொந்தத்தை இணைத்த தண்ணீர் எல்லைக்கோடானது. சோதனைச் சாவடியைத் தாண்டிப் பிள்ளையை அப்பம்மா வீட்டுக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் துணிவு வரவில்லை. ஒரு தலைமுறை மறுகரையைக் கண்ணால் கண்டும் காலால் தொடாமல் வளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் எங்களைக் காயப்படுத்தியது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, போயா நாளும்கூட. நாவலடியிலும் கல்லடியிலும் கடல் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் குண்டுக்குப் பலியானார்கள். இந்த இரண்டையும் சொல்லாமல் மட்டக்களப்பின் ஞாயிற்றை எழுத முடியாது.

பாலம் போட்ட பிறகு

இப்போது பாலங்கள் உண்டு. கல்லடியில் புதிய பாலம் 2013இல் திறந்தது. மண்முனைப் பாலம் 2014இல். ஆரையம்பதியிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குச் சில நிமிடம். ஆனால் சனி, ஞாயிறு அந்தப் பாலத்தில் போகிற பிள்ளைகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே, ரியூசனுக்குப் போகிறார்கள். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று வரிசையாகப் பரீட்சைகள். கிழக்கிலிருந்து மேற்கே, ஒரு காரணமும் இல்லாமல், சும்மா இரண்டு நாள் இருந்துவிட்டு வரப் போகிற பிள்ளை அரிது.

படுவான்கரைப் பிள்ளை படிப்புக்காகக் கடப்பது நல்லது. முன்பு அது இழந்ததை இன்று பெறுகிறது. எழுவான்கரைப் பிள்ளை எதற்காகவும் கடக்காமல் இருப்பதுதான் நட்டம். பரணையும் பட்டியையும் களரியையும் அறியாத பிள்ளைக்குத் தன் மாவட்டத்தில் பாதி தெரியாது. தட்டில் விழும் சோறு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாது.

இந்த ஒப்பீட்டில் நான் கண்டது இதுதான்: அந்தக் கால ஆறுதல்கள் வறுமையால் இனித்தவை அல்ல, பழமையால் இனித்தவையும் அல்ல. பெரியவர்கள் தங்கள் வேலைக்கு நடுவில் பிள்ளைக்கு இடம் விட்டார்கள். இரண்டு கரைகள் தங்களிடம் இருந்ததை மாற்றிக்கொண்டன. இந்த இரண்டையும் இன்றும் செய்யலாம், பெரிய செலவு வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ரியூசனிலிருந்து பிள்ளையை விடுவியுங்கள். மறுகரையில் சொந்தம் இருந்தால் அங்கே அனுப்புங்கள். இல்லையென்றால் அங்கே ஒரு சிநேகிதத்தைத் தேடிக்கொடுங்கள். மேற்குக் கரைப் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துவந்து கரைவலைக் கயிற்றைப் பிடிக்கவிடுங்கள். பாலத்தைப் போட்டது அரசாங்கம். அதில் பிள்ளைகளை இரண்டு பக்கமும் நடக்கவைப்பது நம் வீடுகளின் பொறுப்பு.