வீட்டு விவகாரமும் உலக நியாயமும்

லயத்தில் அடுத்த வீட்டுக்காரன் தன் மனைவி மக்களை அடித்து நொறுக்குகிறான். தடுக்கப் போனால், “இது என் வீட்டு விவகாரம், உனக்கென்ன?” என்று கதவைச் சாத்துகிறான். அவன் சொல்வது நியாயமென்று நாம் திரும்பிவிடலாமா? இக்கேள்விதான் 1960-ஆம் ஆண்டில் உலகத்தின் முன் வந்து நின்றது.

தென்னாப்பிரிக்காவில் அன்று நடந்தது வெள்ளையர் ஆட்சி. கறுப்பின மக்கள் தம் சொந்த மண்ணில் நடமாடவும் அனுமதிப் புத்தகம் ஒன்றை எந்நேரமும் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் சிறை. அவ்வாண்டு மார்ச் 21-ஆம் நாள், ராபர்ட் சொபுக்வேயின் கட்சி விடுத்த அழைப்பை ஏற்று, ஷார்ப்வில் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கானோர் அப்புத்தகமின்றிப் போலீஸ் நிலையத்தின் முன் திரண்டனர். தம்மைக் கைது செய்யட்டும் என்பதே அவர்கள் நோக்கம். போலீசாரோ சுட்டனர். சர்க்கார் கணக்கின்படியே 69 பேர் மாண்டனர். பலருக்கு முதுகிலேயே குண்டு பாய்ந்திருந்தது. ஓடுகிறவர்களைச் சுட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

ஏப்ரல் 1-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை, நிறவெறிக் கொள்கையைக் கைவிடுமாறு தீர்மானித்தது. 9 நாடுகள் ஆதரித்தன. பிரிட்டனும் பிரான்சும் வாக்களியாது ஒதுங்கின. “உள்நாட்டு விவகாரம்” என்று தென்னாப்பிரிக்க சர்க்கார் கதவைச் சாத்திற்று. ஒரே வாரத்தில் அம்மக்களின் கட்சிகளையும் தடை செய்தது.

சுதந்திரம் பெற்று மூன்றாண்டு நிறையாத மலாயா அக்கதவைத் தட்டத் தயங்கவில்லை. மே மாதம் லண்டனில் கூடிய காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் துங்கு அப்துல் ரகுமான் இவ்வநீதியைக் கிளப்பினார். அவ்வாண்டே மலாயா தென்னாப்பிரிக்கச் சரக்குகளைப் பகிஷ்கரித்தது. 1961-இல் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டே வெளியேறிற்று.

ஆயினும் பெரிய நாடுகள் செய்ததென்ன? அந்நாட்டுக்கு ஆயுதம் விற்கலாகாது என்று எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் தடை 1977-இல்தான் பிறந்தது. அதற்கு முந்திய ஆண்டு சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகளும் சுடப்பட்டிருந்தனர். கண்டனம் வாயளவில் நிற்க, வியாபாரம் கையளவில் நடந்த அந்தப் பதினேழு ஆண்டுகளுக்கும் உயிரால் விலை கொடுத்தவர்கள் ஏழைகளே.

விடுதலையைப் பெற்றவர்கள் அம்மண்ணின் மக்கள்தாம். 1994-இல் வாக்குச் சீட்டைக் கையில் வாங்கினர். 1996 டிசம்பர் 10-ஆம் நாள் நெல்சன் மண்டேலா புதிய அரசியல் சட்டத்தில் கையொப்பமிட்டது அதே ஷார்ப்வில்லில். வெளியார் செய்யக்கூடியது, அடிப்பவனுக்குத் தடி விற்காதிருப்பதும் கதவை ஓயாது தட்டுவதுமே. அவ்வளவையேனும் காலத்தில் செய்வதன்றோ அண்டை வீட்டார் தர்மம்?