முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நோயாளர் கல்வி: ஒரு வரலாறு

முழங்கால் மூட்டின் நடுவே இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கின்றன. அவற்றுள் முன்னால் உள்ளது முன்புறச் சிலுவைத் தசைநார். மருத்துவமனைகளில் இதை ஏ.சி.எல். என்பர். இது அறுபடுவதைப் பேச்சு வழக்கில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்பர். இதைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைக்கு முன், வீக்கத்தைக் குறைப்பது, காலை முழுவதும் நீட்டிப் பழகுவது, ஊன்றுகோலுடன் நடப்பது, களத்துக்குத் திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்பது ஆகியவற்றை இன்று நோயாளிக்குக் கற்பிக்கின்றனர். அறுவை சிகிச்சை நூறாண்டு கடந்தது. இந்தக் கல்வி அதில் இடம்பெற்றது கடந்த சில பத்தாண்டுகளில்தான்.

தையலும் மாவுக்கட்டும்

1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர், 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த சிலுவைத் தசைநார்களைத் தைத்தார். 1917-இல் பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ், தொடையின் பக்கவாட்டில் உள்ள உறைத்திசுப் பட்டையைக் கொண்டு புதிய தசைநாரை அமைத்தார். 1963-இல் அமெரிக்காவின் கென்னத் ஜோன்ஸ், முழங்காற்சில்லின் கீழுள்ள நாணிலிருந்து ஒரு கீற்றை எடுத்து அதே பணிக்குப் பயன்படுத்தினார்.

இக்காலத்தில் அறுவை முடிந்ததும் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைப்பது வழக்கம். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே: அசையாதிருப்பது. அதைச் சொல்ல ஒரு வரி போதும். கற்பிக்கத் தேவை எழவில்லை. கட்டைப் பிரித்தபோது தொடைத்தசை மெலிந்திருந்தது, மூட்டு இறுகியிருந்தது.

விளக்கிச் சொல்வதன் பயன்

நோயாளியிடம் முன்கூட்டியே விளக்குவதன் பயனை முதலில் காட்டியவர்கள் மூட்டு மருத்துவர்கள் அல்லர், மயக்கவியல் மருத்துவர்கள். 1964-இல் பாஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட்டும் உடனிருந்தோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரில் ஒரு பிரிவினருக்கு, வலி எங்கே வரும், எவ்வளவு நாள் இருக்கும், தசைகளைத் தளர்த்தி அதை எப்படிக் குறைக்கலாம் என்று எடுத்துச் சொன்னார்கள். அறுவை செய்தவர்களுக்கு யார் எந்தப் பிரிவு என்பது தெரியாது. விளக்கம் பெற்றவர்களுக்கு வலிநீக்கி மருந்து ஏறத்தாழப் பாதியளவே தேவைப்பட்டது, சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினர்.

சொல் கேளாத நோயாளிகள்

முழங்கால் சிகிச்சையில் திருப்பம் 1980-களில் வந்தது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டொனால்ட் ஷெல்போர்ன் தம் நோயாளிகளைக் கவனித்து வந்தார். கட்டுப்பாடுகளை மீறி முன்னதாகவே காலை ஊன்றி நடந்தவர்களின் மூட்டு தளரவில்லை. சொன்னபடி கேட்டவர்களைவிட அவர்களுக்கு மூட்டு நன்றாக மடங்கி நீண்டது. இதன் அடிப்படையில் 1990-இல் அவரும் பால் நிட்ஸும் விரைவு மறுவாழ்வு முறையை வெளியிட்டனர்.

அடுத்த ஆண்டில் மற்றொரு செய்தி வந்தது. காயம்பட்ட முதல் வாரத்திலேயே அறுவை செய்துகொண்டவர்களுக்கு, மூன்று வாரம் கழித்துச் செய்துகொண்டவர்களைவிட மூட்டு இறுக்கம் மிகுதியாக இருந்தது. எனவே வீக்கம் வடிந்து கால் நன்றாக நீளும் வரை காத்திருக்கலாயினர். அந்தக் காத்திருப்புக் காலமே கற்பிக்கும் காலமாயிற்று.

காத்திருப்பில் செய்யும் பயிற்சியின் மதிப்பை 2009-இல் வெளியான நார்வே ஆய்வொன்று உறுதிசெய்தது. அறுவைக்கு முன் காயம்பட்ட காலின் முன்தொடைத்தசை மறுகாலைவிட 20 விழுக்காட்டுக்கு மேல் வலுக்குறைந்திருந்தவர்களுக்கு, இரண்டாண்டுக்குப் பின்னும் அக்குறை மிகுதியாகவே நீடித்தது. 2006-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், இதே அறுவையிலிருந்து மீண்டு வருவோரின் காணொளியை நோயாளிகளுக்கு முன்னதாகக் காட்டினர். பார்த்தவர்களிடம் வலி குறித்த எதிர்பார்ப்புக் குறைந்தது. ஊன்றுகோலுடன் நடக்க முடியும் என்ற நம்பிக்கை கூடியது.

அறிதலும் தெரிவும்

கல்வி என்பது பயிற்சி முறைகளோடு முடிவதில்லை. அறுவை வேண்டுமா என்பதும் அதில் அடங்கும். 2010-இல் சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கும், பயிற்சியில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இரண்டாண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்தாண்டு கடந்தும் அறுவையின்றியே இருந்தனர்.

விளையாட்டு வீரர் அறியவேண்டிய கணக்கும் உண்டு. 2014-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, சிகிச்சைக்குப் பின் போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் நூற்றுக்கு 55 பேர். 2016-இல் வெளியான மற்றொரு நார்வே ஆய்வு, ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயம்படும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது எனக் கண்டது.

இந்தியாவில் இது சட்டத்தோடும் தொடர்புடையது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் அளித்த தீர்ப்பின்படி, சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள், மறுத்தால் நேரும் விளைவு ஆகியவற்றைச் சொல்லியே மருத்துவர் ஒப்புதல் பெற வேண்டும். கையொப்பம் மட்டும் ஒப்புதல் ஆகாது.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 'ஜவ்வு' என்ற ஒரே சொல் தசைநாரையும், எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த பிறைவடிவக் குருத்தெலும்பையும் குறிக்க வழங்குகிறது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு; ஓய்வுக்காலம் வேறு. ஆகவே 'கிழிந்தது எது' என்று படம் வரைந்து காட்டுவதே அறுவைக்கு முந்தைய கல்வியின் முதல் பாடமாக அமைய வேண்டும்.